எடுத்துக்கொடுத்த வரி

சனிக்கிழமை மாலை வரை தொலைபேசி ஒலிக்கவில்லை. ஒலித்திருந்தால் திட்டு வாங்கி முடித்திருக்கலாம். ஒலிக்காததால் அவரால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே ஒன்பது அடி. அதை அவர் எத்தனை முறை நடந்தார் என்று எண்ணத் தொடங்கிய அவருடைய மனைவி, இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"ஏங்க, தரை தேஞ்சுடப் போகுது. வீட்டுக்காரர் அதுக்கும் நம்மளத்தான் கேப்பார்."

"போன் சார்ஜ்ல இருக்கா பாரு."

"முழுசா இருக்கு. காலையில இருந்து நாலு தடவை பாத்தாச்சு."

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். இரவு ஏழரை மணித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. செய்ய நேரமும் இல்லை. கேமராவில் படாத ஓர் ஓரத்தில் தாள் அட்டையோடு நின்று, ஒவ்வொரு வரியையும் உரக்க, எந்த உணர்ச்சியும் சேர்க்காமல் ரேடியோ சொல்வார். நடிகர் அதை வாங்கி, தேவையான கோபத்தையோ அழுகையையோ சேர்த்துத் திருப்பிச் சொல்வார். தளத்தில் பதிவாகும் சத்தம் வெறும் அடையாளத்துக்குத்தான். வீடுகளில் கேட்கும் குரல், பிறகு அதே நடிகர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியே பேசிச் சேர்ப்பது. ஆகவே பதினான்கு ஆண்டுகளில் அவருடைய குரல் எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

தொடங்கிய காலத்தில் அது வாரம் ஐந்து நாள் வரும் அரைமணிக் குடும்பக் கதை. ஒரு தந்தை, ஒரு தாய், மூன்று பிள்ளைகள், மாடியில் குடியிருக்கும் வாய் ஓயாத ஒரு பல் மருத்துவர். ஒரு வாரம் முழுவதும் தொலைந்த சாவியைத் தேடினார்கள். இன்னொரு வாரம் அலமாரி ஒன்றை மாடிக்கு ஏற்றும்போது படிக்கட்டில் சிக்கவைத்துவிட்டு, ஐந்து நாளும் அதன்மேல் ஏறி இறங்கிப் போய்வந்தார்கள். அவ்வளவுதான் கதை. தாள் கையில் இருக்கும்போதே ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிக்காமல் எடுத்துக்கொடுப்பதே அன்றைக்குப் பெரிய வேலையாக இருந்தது.

மாறுதல் ஒரே நாளில் வரவில்லை. முதலில் பல் மருத்துவரை வெளியூருக்கு அனுப்பினார்கள். அவர் காலிசெய்த மாடிக்கு ஓர் அத்தை வந்தாள். அத்தை வந்த மூன்றாம் வாரம் யாரோ பாலில் எதையோ கலந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எவரும் எதையும் நிம்மதியாகக் குடித்ததில்லை. பழைய பிள்ளைகள் வளர்ந்து போய்விட, புதிதாக ஒரு சிறுமி வந்தாள். அரைமணி ஒரு மணி ஆயிற்று. ஐந்து நாள் ஆறு நாள் ஆயிற்று. தலைப்புப் பாட்டை மட்டும் மாற்றவில்லை. அதில் இன்னும் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவின் வீட்டிலும் நால்வர் சேர்ந்து பார்த்தார்கள்: அவர், கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அவருடைய மனைவி, மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கும் மனைவியின் அண்ணன், ஒன்பது வயது மகள் குட்டி. லிஃப்ட் மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் கேட்பவர்களிடம், "நான் இருக்குற பெட்டியில ஏறுறவங்க எல்லாரும் நோயாளி, இல்லன்னா டாக்டர்" என்பார். பாலில் ஏதோ கலந்த வாரத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. வேண்டாத காட்சி வருவதற்கு அரை நிமிடம் முன்பே ரேடியோ மகளிடம், "நீ உள்ள போ. அப்புறம் பேசலாம்" என்பார். என்ன வரப்போகிறது என்பது அவருக்குத்தானே தெரியும். குட்டி எழுந்து உள்ளே போய்ப் படுக்கையில் உட்கார்ந்துகொள்வாள். நாளாக ஆக அந்த வாக்கியத்தை அவர் நான்கு தடவை, ஐந்து தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நான் இப்பவே போகட்டுமா, இல்ல கத்தி வந்ததும் போகட்டுமா?" என்று கடந்த மாதம் அவள் கேட்டாள்.

"அவ அங்கயே சாப்பாட்டு தட்ட வெச்சுக்கட்டும் மாப்ளே. இதுக்கும் அதுக்கும் எதுக்கு அலையணும்?" என்றார் லிஃப்ட் மாமா.

"பேசாம நிறுத்திட்டா என்ன?" என்றாள் மனைவி.

"நிறுத்திட்டு? நாம சாப்பிடுறதே அதுல இருந்துதான். நாமளே பாக்கலன்னா எப்படி?"

விஷயம் நடந்தது வெள்ளிக்கிழமை. கடும் வெயில். ஒரு ஷாட்டில் அசைந்த திரைச்சீலை அடுத்த ஷாட்டில் அசையாமல் இருந்தால் பொருந்தாது என்பதால் மின்விசிறிகளை நிறுத்திவைத்திருந்தார்கள். பதினோரு மணிக்கு வந்த தாள்களை ரேடியோ மதிய உணவின்போது படித்தார். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டார். தொடரின் தந்தை, எதிரே நிற்கும் சிறுமியிடம் சொல்ல வேண்டிய வரி அதில் இருந்தது: நீ எனக்குப் பொறந்தவளே இல்ல, உன்ன பாத்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு.

இயக்குநர் வயதில் சிறியவர். ரேடியோ அவரிடம் போய் நின்றார்.

"தம்பி, இத சொல்லும்போது பாப்பாவும் நிக்கணுமா? அவள தனியா எடுத்துக்கலாமே."

"அண்ணே, பாப்பா முகத்துலதான் சீனே இருக்கு."

"சின்னப் பொண்ணு. காதுல விழுமே."

"அவங்க அம்மாகிட்ட சொல்லியாச்சுண்ணே. அவங்களே ஒண்ணும் சொல்லல. நீங்க போய் நில்லுங்க, வெளிச்சம் போகுது."

சிறுமியைத் தளத்தில் பாப்பா என்பார்கள். அவளுக்கும் ஒன்பது வயது. கட்டம் போட்ட கவுனில், அசையக் கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தில் அசையாமல் நின்றாள். இயக்குநர் பக்கத்து அறையில் மானிட்டர் திரைக்கு முன்னால் அமர்ந்து, சேனல்காரர்களோடு போனில் பேசிக்கொண்டே கையைக் காட்டினார். முதல் ஆறு வரிகளை ரேடியோ தாளில் உள்ளபடியே எடுத்துக்கொடுத்தார். ஏழாவது வரிக்கு அவர் கண் தாளில்தான் இருந்தது. வாய் சொன்னது வேறு.

"நீ உள்ள போ. அப்புறம் பேசலாம்."

தந்தையாக நடித்தவர் எதையும் முன்கூட்டிப் படிப்பவர் அல்லர். கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அதுவரை சேர்த்துவைத்திருந்த வெறுப்பு முழுவதையும் போட்டு, பல்லைக் கடித்து, "நீ உள்ள போ, அப்புறம் பேசலாம்" என்றார். பாப்பா குழம்பிவிட்டாள். அசையாதே என்றவர் ஒருவர். போ என்கிறவர் ஒருவர். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் கண்கள் போய்ப் போய் வந்தன. கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பக்கத்து அறையிலிருந்து "ஓகே, பிரமாதம்" என்று குரல் வந்தது. மாலையே ஒலிப்பதிவுக் கூடத்தில் தம் வசனங்களைப் பேசிக்கொடுத்துவிட்டு, நடிகர் அன்றிரவே சுற்றுலாக் கப்பல் ஒன்றில் நடக்கும் கலைநிகழ்ச்சிக்காகக் கிளம்பிவிட்டார். தரையைத் தொட அவருக்குப் பத்து நாளாகும்.

வாய் தவறிவிட்டதா, தானே தவறவிட்டாரா என்று அப்போதிலிருந்து ரேடியோ தம்மையே கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் சரிபாதி சாட்சி இருந்தது.

இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. நால்வரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவர் எச்சில் கையோடு எழுந்தார்.

"அண்ணே, எடிட்டிங்ல உக்காந்திருக்கேன்," என்றார் இயக்குநர். கத்தவில்லை. "அடுத்த சீன் போன வாரமே எடுத்தாச்சு. அதுல அந்தம்மா, 'பெத்த பொண்ணப் பாத்து இப்படி சொல்லிட்டீங்களே'ன்னு நெஞ்சுல அடிச்சுக்கறாங்க. எதுக்கு அடிச்சுக்கறாங்க? உள்ள போன்னு சொன்னதுக்கா?"

"வாய் தவறிடுச்சு தம்பி."

"பன்னெண்டு வாரக் கதை அந்த ஒரு வரியில நிக்குது."

"திருப்பி எடுத்துடலாம்."

"யார வெச்சு? அவர் கடல்ல இருக்கார். சிக்னல் இல்ல. எபிசோடு திங்கக்கிழமை ராத்திரி சேனலுக்குப் போகணும்." குரலைத் தாழ்த்தினார். "அவர் முகத்த காட்டினா வாயசைவு மாட்டிக்கும். அதனால பாப்பா முகத்த மட்டும் வெச்சுட்டு, அது மேல அந்த வரிய ஓட்டப் போறோம். நீங்கதான் பேசணும்."

"நானா?"

"அவர் எந்த வார்த்தையில எப்படி இழுப்பார்னு உங்களவிட யாருக்குத் தெரியும்? கேட்டா வித்தியாசம் தெரியாது."

"தம்பி, என் குரல்ல அது வேணாமே. வேற யாரையாவது..."

"அண்ணே, சேனல்ல உங்களயே மாத்தச் சொல்லிட்டாங்க. நீங்களே வந்து சரிபண்ணிக் குடுப்பீங்கன்னு சொல்லி நான் ஒருநாள் வாங்கியிருக்கேன். இதுக்கு மேல எனக்கும் வாய் இல்ல."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது சோறு காய்ந்திருந்தது. குட்டி தூங்கப் போகும்வரை எவரும் கேட்கவில்லை. பிறகு அவர் அந்த வரியை மெதுவாகச் சொல்லிக்காட்டினார். மனைவி தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

"இத உங்க குரல்லயா?"

"ஆமா."

"குட்டிக்குத் தெரிஞ்சுடுமே. நீங்க மாடிப்படியில தும்மினாலே 'அப்பா வந்தாச்சு'ன்னு கதவத் திறக்குற பொண்ணு."

"குரல மாத்திப் பேசு மாப்ளே," என்றார் லிஃப்ட் மாமா.

"மாத்தினா அவர் மாதிரி இருக்காது மச்சான். அவர் மாதிரி இருக்கணும்னுதானே கூப்பிடுறாங்க."

"அப்ப முடியாதுன்னு சொல்லிட்டு வா. நான் எங்க ஆஸ்பத்திரியில கேக்குறேன். ரெண்டாவது லிஃப்டுக்கு ஆள் வேணும்னு சொல்லிட்டு இருந்தாங்க. மேல, கீழ. ரெண்டே வசனம்."

யாரும் சிரிக்கவில்லை, சொன்னவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ரேடியோவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒவ்வொரு தொடரிலும் எடுத்துக்கொடுக்க ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். ஒரு தளத்தில் வரியை மாற்றியவர் என்ற பேச்சு அடுத்த தளத்துக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். பதினான்கு வருடம் மற்றவர்களின் வாய்க்குச் சொல் கொடுத்ததைத் தவிர வேறு எந்த வேலையும் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

"என்னைக்கு வருது அது?" என்று மனைவி கேட்டாள்.

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை கடையில சீக்கிரம் கிளம்புறேன். குட்டிக்கு ஸ்கூல் ஷூ எடுக்கணும். ஏழு மணிக்கு உள்ள நுழைஞ்சா எட்டரை வரைக்கும் போட்டுப் பாத்துட்டே இருக்கலாம்." ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "போய் பேசிட்டு வாங்க."

"பேசட்டுமா?"

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? வேணாம்னு நான் சொல்லணும்னா?"

அவர் எதிர்பார்த்தது அதைத்தான்.

திங்கட்கிழமை காலை அவர் போன ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பல்பொருள் அங்காடியின் அடித்தளத்தில் இருந்தது. சுவர் முழுவதும் மெத்தை அடித்திருந்ததால், காலடிச் சத்தம்கூட விழுந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. குளிர் எலும்பில் ஏறியது. ஒரு மைக், ஒரு சிறு விளக்கு, ஒரு குவளைத் தண்ணீர், எதிரே திரை. திரையில் பாப்பாவின் முகம் வந்தது. எட்டு விநாடி ஓடிற்று. மறுபடி தொடக்கத்திலிருந்து வந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் விரலை உயர்த்தினார்.

ரேடியோ வரியைச் சொன்னார்.

"அண்ணே, பஸ் எத்தனை மணிக்கு வரும்னு சொல்ற மாதிரி இருக்கு. கோவமா சொல்லுங்க."

இரண்டாம் முறை சத்தம் கூடியது, கோபம் வரவில்லை. மூன்றாம் முறை வேகம் கூடி வரி முன்னதாகவே முடிந்துவிட்டது. நான்காம் முறை அருவருப்பு என்ற சொல்லில் நாக்கு இடறியது. ஒலிப்பதிவாளர் நல்ல மனிதர். கதவைத் திறந்துகொண்டு வந்து, தண்ணீரை எடுத்து நீட்டினார்.

"உங்களுக்கு யார் மேலயாவது கோவம் இருக்கும்ல அண்ணே? அவங்கள நெனச்சுக்குங்க. ஒரே ஒரு தடவ. முடிஞ்சு போயிடும்."

ஐந்தாம் முறை இயக்குநரை நினைத்தார். ஆறாம் முறை, கடலில் மிதந்துகொண்டிருக்கும் நடிகரை நினைத்தார். இரண்டும் பலிக்கவில்லை. பாப்பாவின் முகம் மறுபடி வந்தது. கண்கள் இங்கும் அங்கும் போய்வந்தன. நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே போ என்று சொன்னேனே, போயிருக்கலாமே, போயிருந்தால் இந்த ஷாட்டே இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. சொன்ன பேச்சைக் கேட்காமல் ஏன் நிற்கிறாள்? ஏழாம் முறை குரல் வயிற்றிலிருந்து வந்தது.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"அண்ணே, அவர்கூட இப்படி பேச மாட்டார்."

இரவு இயக்குநர் அழைத்தார். சேனலில் திருப்தி, புதன்கிழமை முதல் ரேடியோ வழக்கம்போல் வரலாம், ஆனால் புதன்கிழமை எங்கும் விடுமுறை என்பதால் வியாழக்கிழமை வந்தால் போதும். ரேடியோ நன்றி சொன்னார். படுத்தவுடன் தூங்கியும் விட்டார். அந்தத் தூக்கத்தை மறுநாள் நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை மதியம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். கண்ணாடிக் கடைக்கு விடுமுறை கிடையாது. இரவுப் பணி முடித்து வந்த லிஃப்ட் மாமா உள்ளே தூங்கினார். ரேடியோ கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். குட்டி பிள்ளைகளுக்கான சேனல் ஒன்றில் பென்குவின்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சுக்கு எப்படி மீனை ஊட்டுகின்றன என்று ஒரு பெண் குரல் விளக்கியது. வியாழக்கிழமை ஏழரைக்கு வேண்டிய காவலையெல்லாம் அவர்கள் செய்துவைத்திருந்தார்கள். பிள்ளைகள் சேனலும் ஏழரை மணித் தொடரின் சேனலும் ஒரே முதலாளியுடையவை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பென்குவின் நின்றது, விளம்பரம் வந்தது. பல் துலக்கும் பசை, பிஸ்கட். பிறகு திரை முழுவதும் பாப்பாவின் முகம்.

"நீ எனக்குப் பொறந்தவளே இல்ல. உன்ன பாத்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு."

நாளை இரவு ஏழரைக்கு, காணத் தவறாதீர்கள் என்று இன்னொரு குரல் சொல்லிற்று. உடனே பென்குவின் திரும்பி வந்தது.

குட்டி டிவியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா. அது நீங்கதான?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமா," என்றார்.

"யார சொன்னீங்க?"

"யாரையும் இல்லடா. ஒரு ரூம்ல நான் மட்டும் தனியா நின்னு பேசினேன். அப்புறமா படத்துல ஒட்டிட்டாங்க."

"அந்தப் பொண்ணு அங்க இல்லையா?"

"இல்ல."

"அவ அத கேக்கவே இல்லையா?"

"கேக்கல. அவகிட்ட வேறதான் சொன்னோம்."

குட்டி யோசித்தாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள். பென்குவின்கள் சத்தமில்லாமல் நடந்தன.

"இப்ப கேட்டிருப்பாளே. அவளுக்கும் இன்னைக்கு லீவுதானே?"

அவர் கத்தியைச் செய்தித்தாளின்மேல் வைத்தார். பாப்பாவின் தாயார் எண் அவரிடம் இருந்தது. படப்பிடிப்பு நேரம் சொல்ல எப்போதாவது கூப்பிடுவார். இரண்டாம் மணியிலேயே அந்த அம்மாள் எடுத்தார்.

"சொல்லுங்க ரேடியோ அண்ணே. பாத்தீங்களா? பாப்பா முகத்த மட்டும்தான் போட்டிருக்காங்க. பெரிய நடிகைங்களுக்குக்கூட இப்படி போட மாட்டாங்க. காலையில இருந்து சொந்தக்காரங்க போன் மேல போன்."

"பாப்பா பாத்தாளாம்மா?"

"அவதான் எத்தனை தடவ வருதுன்னு எண்ணிட்டு உக்காந்திருக்கா. பதினொண்ணு ஆச்சாம். இருங்க, குடுக்குறேன்."

போன் கை மாறியது. பின்னால் டிவி ஓடுவது கேட்டது.

"அங்கிள்," என்றாள் பாப்பா. "அன்னைக்கு என்ன உள்ள போன்னுதான சொன்னாரு?"

"ஆமாம்மா. அப்படித்தான் சொன்னாரு."

"அப்புறம் எப்ப மாத்தினாரு?"

"அவரு மாத்தலம்மா. அது அவர் குரல் இல்ல. நான் பேசினது."

குட்டி அவருக்கு அருகில் வந்து, போனை ஒட்டிக் காதை வைத்துக்கொண்டாள். அவளை உள்ளே அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை.

"அங்கிள்."

"சொல்லும்மா."

"அன்னைக்கு நான் உள்ள போகாம நின்னேன்ல. அதுக்கா?"

ஒலிப்பதிவுக் கூடத்தின் குளிரும், எட்டு விநாடிக்கு ஒருமுறை திரும்பி வந்த அந்த முகமும், ஏழாம் முறை எங்கிருந்து கோபம் வந்தது என்பதும் அவருக்கு நினைவு வந்தன. இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. குட்டி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்கில்லம்மா," என்றார். "நீ ஒண்ணும் பண்ணல. நீ நின்னது சரிதான்."

"அப்படியா," என்றாள் பாப்பா. நம்பியதுபோலவும் இல்லை, நம்பாததுபோலவும் இல்லை. "இருங்க அங்கிள், பிஸ்கட் வந்துடுச்சு. இதுக்கு அடுத்தது நான்தான்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மெத்தையடித்த அறையில் அவர் பேசியது, யாரோ ஒருவருடைய கூடத்தைத் தாண்டி, போன் வழியாக, முழுவதுமாக வந்து சேர்ந்தது. இரண்டு சிறுமிகளும் அதை முடியும்வரை கேட்டார்கள்.

"பன்னெண்டு," என்றாள் பாப்பா.